அந்தரம்: கிழக்கில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது?

கேள்வி சுருக்கமாக இது. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பதிவுசெய்த நேர்காணல்களை ஒருவர் சென்னையில் இருந்தபடி எழுத்தாக்குகிறார். ஒலிப்பதிவில் ‘அந்தரம்’ அடிக்கடி வருகிறது. அகராதியைத் திறந்தால் ஆகாயம், வெளி, நடுவிடம் என்று இருக்கிறது. பேசுகிறவர்களோ மகன் வெளிநாட்டிலிருந்து அழைக்காததற்கும், அறுவடை மெசின் வராததற்கும், கைமாத்துக் கேட்பதற்கும், கணவர் இறந்த பிறகான வாழ்க்கைக்கும் இந்த ஒரே சொல்லைப் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் ‘பதற்றம்’ என்று மாற்றிவிடலாமா?

மாற்றக் கூடாது. முதல் காரணம் செய்தித்தாள். இலங்கைத் தமிழ்ச் செய்தியில் ‘அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது’ என்றால் கைகலப்பு, பொலிஸ், வீதித்தடை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். களுவாஞ்சிக்குடியில் ஒரு தாய் “மகன் கோல் எடுக்கல்ல, எனக்கு அந்தரமாக் கிடக்கு” என்று சொன்னதைப் ‘பதற்றமாக இருக்கிறது’ என்று எழுதினால், ஊரில் ஏதோ நடந்துவிட்டது போன்ற தொனி வந்துவிடும். (போகிற போக்கில் இன்னொன்று: இங்கே ‘கோல் எடுக்கல்ல’ என்றால் மகன் அழைக்கவில்லை என்று அர்த்தம். தாய் அழைத்தும் அவன் பதில் சொல்லவில்லை என்றால் ‘ஆன்சர் பண்ணல்ல’ என்பார்கள். எழுத்தாக்கத்தில் அது தலைகீழாகப் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது காரணம் பெரியது. அந்தரம் என்ற சொல் கிழக்கில் குறைந்தது ஐந்து வேலை பார்க்கிறது. பதற்றம் அதில் ஒன்றுக்குத்தான் பொருந்தும், அதுவும் அரைகுறையாக. எந்த இடத்தில் எந்த வேலை என்பதைக் கண்டுபிடிக்க அகராதி உதவாது. சொல்லுக்குப் பின்னால் என்ன வினை வருகிறது, சொல்லுக்கு முன்னால் ஆள் ‘எனக்கு’ என்று நிற்கிறாரா ‘நான்’ என்று நிற்கிறாரா, இந்த இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் வேரை ஒரு தடவை தொட்டுக்கொள்வது நல்லது. வடமொழி ‘அந்தர’த்தின் பொருள் இடை, நடு, இடைவெளி, வேறு. நிரந்தரம் என்பது இடைவெளி இல்லாதது. தேசாந்தரம் வேறு தேசம். குளத்து மண்ணில் வேர் பாவாமல் நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரைக்கு அந்தரத்தாமரை என்று இன்னொரு பெயர் உண்டு. தமிழுக்குள் சொல் வந்து வெகுகாலம் ஆகிறது. திருமுருகாற்றுப்படையில் ‘அந்தரப் பல்லியம் கறங்க’ என்று வரும் இடத்தில் அது வானம். தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ‘அந்தரத்தில் தொங்குது’ என்ற தொடர் மட்டும். ஈழத்துப் பேச்சில் அந்தத் தொங்கல் மனசுக்குள் இறங்கிவிட்டது. கால் தரையில் பாவவில்லை, கை பிடிக்க ஒன்றுமில்லை, தொடங்கியது முடியவில்லை: இந்த நிலைக்குப் பெயர்தான் அந்தரம். பயம், கவலை, கோபம் போன்ற உணர்ச்சிப் பெயர்களின் வரிசையில் இதை வைத்தால் குழம்புவீர்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லும் சொல்லாக எடுத்தால் கீழே வரும் எல்லாப் பயன்பாடும் ஒரே நூலில் கோர்க்கும்.

முதலில் ‘எனக்கு அந்தரமா இருக்கு’. மட்டக்களப்புத் தமிழர் ‘கிடக்கு’ என்றும் முடிப்பார்கள். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம்கள் ‘இரிக்கி’ என்பார்கள். “வாப்பா இன்னும் வரல்ல, எனக்கி ஒரே அந்தரமா இரிக்கி.” இங்கே ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு அவர்மேல் வந்து விழுகிறது, அவர் அதைச் செய்யவில்லை. ஆகவே இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் ‘உனக்கு ஏன் அந்தரமா இருக்கு’ என்று கண்டித்துக் கேட்பதில்லை. ஆறுதலாகத்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கடத்த மிகக் கிட்டிய சொல் ‘இருப்புக்கொள்ளவில்லை’. பதற்றத்தைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் இருக்க முடியாமை என்ற இடப்பொருள் அதிலும் உண்டு.

இந்த அந்தரத்துக்குப் பெரும்பாலும் ஒரு காத்திருப்பு இருக்கும். வர வேண்டிய ஆள், வர வேண்டிய செய்தி, வைத்தியசாலையில் இருந்து வர வேண்டிய ரிப்போட், பெறுபேறு. பேசுகிறவர் அதைச் சொல்லாமல் விட்டாலும் முந்திய நான்கைந்து வாக்கியத்துக்குள் அது கிடக்கும். உதாரணத்துக்கு இப்படி ஒரு துண்டை எடுங்கள்: “விடிய வெளிக்கிட்டவன். பின்னேரமும் ஆச்சு. சோறும் ஆக்கல்ல. வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கன். ஒரே அந்தரம் மனே.” இதில் ‘சோறும் ஆக்கல்ல’ என்பதைத் தனித் தகவலாக எடுத்து ‘வறுமை’ என்று குறியிடுவது எளிதில் நடக்கக்கூடிய பிழை. அரிசி இல்லாமல் அல்ல, அடுப்பு மூட்ட மனம் ஓடாமல்தான் சோறு ஆக்கவில்லை. ‘வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கன்’ என்பதே அந்தரத்தின் விளக்கம்; வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. ‘மனே’ என்பது மகனே. பேட்டி காண்பவர் வயதில் இளையவர், நெருக்கமாக எடுத்துக்கொண்டு பேசுகிறார் என்பதற்கு அடையாளம். அதை வெட்டிவிடாதீர்கள். பெண்ணாக இருந்தால் ‘புள்ள’ என்றோ, சொல்லின் கடைசியில் ‘கா’ ஒட்டியோ வரும்: “என்னகா செய்யிற, ஒரே அந்தரம்.”

இதே முதல் வகையில் காரணமே இல்லாத அந்தரமும் உண்டு. “ஏனெண்டு தெரியா, காலையில இருந்து ஒரு அந்தரம்.” அப்படி வரும்போது ‘ஒரு’ முன்னால் நிற்கும். காரணம் தெரிந்த அந்தரத்துக்கு ‘ஒரே’ நிற்கும். இது இலக்கண விதி இல்லை, பேச்சு வழக்கின் சாய்வு. ஆனாலும் ஒலிப்பதிவு தெளிவில்லாத இடத்தில் கைகொடுக்கும்.

இரண்டாவது ‘நான் அந்தரப்பட்டன்’. ஆள் எழுவாயாகிவிட்டார். இப்போது அது நடத்தை, உணர்வு பின்னுக்குப் போய்விட்டது. அவசரப்படுதல், பொறுமை இல்லாமல் முந்துதல். அதனால் இதற்குக் கண்டிப்பு உண்டு, ஏவல் உண்டு. ஆனால் ஏவல் எதிர்மறையில் மட்டும்தான் வரும்: ‘அந்தரப்படாத’, மரியாதையாக ‘அந்தரப்படாதீங்க’. ‘அந்தரப்படு’ என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வேகமாகச் செய் என்று சொல்ல வேண்டுமானால் ‘கெதியாச் செய்’, ‘சுறுக்காச் செய்’ என்பார்கள். இந்த மூன்றையும் ‘சீக்கிரம்’ என்று தட்டையாக்கினால் ஒன்று போய்விடும்: கெதி, சுறுக்கு இரண்டும் வேகம், அந்தரம் வேகம் கெட்ட இடம். “அந்தரப்பட்டுக் கையெழுத்து வைச்சிட்டன்” என்று ஒருவர் காணிப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னால், அவர் விரைவாகக் கையெழுத்திட்டதைச் சொல்லவில்லை. வாசிக்காமல், யோசிக்காமல், யாரோ நெருக்கியதால் வைத்துவிட்டார். காணி விவகாரம் பேசும் நேர்காணலில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

அந்தரப்படுவதற்கு எதிர்ச்சொல் ‘ஆறுதலா’. இந்தச் சொல்லையும் தமிழ்நாட்டுக் காதால் கேட்டால் தடுமாறுவீர்கள். “ஆறுதலா வாங்க” என்றால் நிதானமாக வாருங்கள். தேறுதல் தேடி வாருங்கள் என்பதல்ல. “காசு அந்தரமில்ல, ஆறுதலாத் தாங்க” என்று கடைக்காரர் சொன்னால் பணத்துக்கு அவசரமில்லை, வசதிப்படும்போது தரலாம். அந்தரம், ஆறுதல் இரண்டும் நேரத்தையும் மனசையும் சேர்த்தே அளக்கிற சொற்கள். ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும்.

ஆள் இல்லாமல் இடத்துக்கே அந்தரம் வருவதும் உண்டு. அம்பாறைப் பக்கத்து வெள்ளாமைப் பேட்டிகளில் இது அதிகம். (வெள்ளாமை என்றால் அங்கே நெல் விளைச்சல், வட்டை என்றால் வயல்வெளித் தொகுதி.) “மழை இருட்டுது, வெட்டு மெசின் வரல்ல, வட்டைக்குள்ள ஒரே அந்தரம்.” இதன் பின்னணி தெரியாமல் மொழிபெயர்த்தால் ‘வயலில் கவலை’ என்று வந்து நிற்கும். முற்றிய கதிர் மழையில் நனைந்தால் பயிர் சாயும், மணி கொட்டும், சாய்ந்ததை மெசின் சரியாக வெட்டாது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலிருந்தால் அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையின் தரத்துக்கு அது சேராது. தனியார் வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒன்றாகவே முற்றுவதால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மெசின் வேண்டும். ஆளாளுக்கு ஃபோன், ஆளாளுக்குச் சண்டை. அந்த முழு ஆரவாரத்துக்கும் ‘ஒரே அந்தரம்’ என்று பெயர். இங்கே ‘அல்லோலகல்லோலம்’ அல்லது ‘பரபரப்பு’ பொருந்தும். பதற்றம் பொருந்தாது, கவலை நிச்சயமாகப் பொருந்தாது.

மூன்றாவது, ‘எனக்கு அந்தரமாப் போச்சு’. ‘இருக்கு’ போய் ‘போச்சு’ வந்தால் பொருள் தர்மசங்கடம். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்தார், வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. கடன் கொடுத்தவர் கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டார். மகளைப் பற்றி ஊரார் முன்னால் ஒரு கேள்வி வந்தது. முகம் வைக்க இடமில்லாத நிலை. இதில் சிக்கல் ஒன்றுமில்லை, கண்டால் ‘சங்கடமாகிவிட்டது’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நான்காவது வகைதான் எழுத்தாக்கத்தில் அதிகம் தவறிப்போகும்: ‘அந்தரத்துக்கு’, ‘அந்தரம் ஆபத்துக்கு’. மேலோட்டமாகப் பார்த்தால் அவசரத் தேவைக்கு என்று பொருள். “அந்தரம் ஆபத்துக்கு உதவாத சொந்தம் எதுக்கு?” “ராவில ஒரு அந்தரத்துக்கு ஓட்டோ எடுக்க ஏலா.” இவை எளிது. ஆனால் கடன் கேட்கும் வாக்கியத்தில் இச்சொல் திரைச்சீலையாக வேலை செய்கிறது. “ஒரு அந்தரம் தம்பி, ஒரு ரெண்டாயிரம் இருந்தாத் தாவன்.” என்ன அந்தரம் என்று கடன் கேட்பவர் சொல்ல மாட்டார், கொடுப்பவரும் கேட்க மாட்டார். அடகு மீட்கவா, மருந்துக்கா, மைக்ரோ கடன் தவணைக்கா என்று விசாரிப்பது மரியாதைக் குறைவு. அதனால் நேர்காணலில் ஒருவர் “அந்தரத்துக்குக் கடன் பட்டம்” என்று சொல்லி நிறுத்தினால், காரணத்தை அவர் தெரியாமல் விடவில்லை, மூடி வைக்கிறார். எழுத்தாக்கத்தில் ‘அவசரச் செலவுக்கு’ என்று போட்டால் செலவு என்ற சொல்லை நீங்கள் சேர்த்ததாகிறது. அது செலவாகவே இல்லாமல், முந்திய கடனைக் கட்ட எடுத்த கடனாகவும் இருக்கலாம். ‘அந்தரத்துக்கு’ என்றே விட்டு, அடிக்குறிப்பில் ‘காரணம் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. நேர்காணலாளர் திரும்பப் போகிறவராக இருந்தால் இந்த இடங்களைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். ஆட்கள் சூழ இருக்கும்போது கேட்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஐந்தாவது, வினையே மாறி ‘அந்தரி’ என்று வருவது. அந்தரிக்கிறது, அந்தரித்தது, பேச்சில் படித்த என்பது படிச்ச ஆவதுபோல அந்தரிச்ச, அந்தரிச்சு. பெரும்பாலும் ‘போ’ துணைவினையோடு, இறந்தகாலத்தில், பன்மையில் வரும். “அவர் மௌத்தாப் போனாப் புறகு நானும் புள்ளைகளும் அந்தரிச்சுப் போனம்.” (மௌத்து என்றால் இறப்பு.) “சுனாமியோட அந்தரிச்ச சனம்.” 2004 டிசம்பர் 26 பற்றிய பேச்சிலும், யுத்தகால இடப்பெயர்வு பற்றிய பேச்சிலும் இது திரும்பத் திரும்பக் கேட்கும். பொருள்: தாங்கி நின்றது போய்விட்டது, நிற்க இடமில்லை. இலங்கைச் செய்தித் தமிழில் இதற்குச் சரியான இணை ‘நிர்க்கதியானோம்’. ஆனால் நிர்க்கதி அலுவலகக் கடிதத்தின் வாசனை உள்ள சொல், ஒரு தாயின் வாயில் அதை வைத்தால் ஒட்டாது. ‘அனாதையானோம்’ என்று எழுதுவது பிழை. சொந்தம் சுற்றம் உயிரோடு இருக்கும்போதே அந்தரிக்கலாம், பலர் அப்படித்தான் அந்தரித்தார்கள். ஈழத்து எழுத்தில் ‘அந்தரிப்பு’ என்ற பெயர்ச்சொல் சாதாரணமாகப் புழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம். இந்த வகையை ஒருபோதும் முதல் வகையோடு சேர்த்து எண்ணாதீர்கள். அந்தரமா இருப்பது ஒரு பின்னேரத்தில் தீரும். அந்தரிச்சுப் போனது ஆண்டுக்கணக்கு.

‘அந்தரத்தில’ என்று ஏழாம் வேற்றுமையில் வந்தால் மட்டும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பின்னால் நிற்கிற, விடுகிற, தொங்குகிற வினை வந்தால் இழுபறி நிலை: “வீட்டுத்திட்டம் பாதியில நிக்குது, எங்களை அந்தரத்தில விட்டுட்டாங்க.” செய்கிற வினை வந்தால் அவசரம்: “அந்தரத்தில கட்டின சுவர், வெடிச்சிட்டு.” ஒரே வடிவம், ஒன்றில் கட்டடம் முடியவில்லை, மற்றதில் முடித்த விதம் சரியில்லை. கட்டுமான முறைப்பாடுகளில் இரண்டும் கலந்தே வரும், கவனம்.

இனி அக்கம்பக்கத்துச் சொற்கள். இவை தெரியாவிட்டால் அந்தரத்தின் எல்லை தெரியாது. ஒரே இரவை எடுத்துக்கொள்வோம். வாழைச்சேனைத் துறையில் இருந்து ஆழ்கடலுக்குப் போன போட் திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. செய்தி ஒன்றும் இல்லை. அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தரம். ஒருவர் ஓடிவந்து கடலில் ஒரு போட் கவிழ்ந்து கிடக்கிறதாம் என்கிறார். அந்த நொடியில் ‘பதகளிச்சுப் போனம்’ என்பார்கள். கை நடுங்கும், செருப்பை மாற்றிப் போடுவார்கள், கதவைப் பூட்டாமல் ஓடுவார்கள். பதகளிப்பு வெளியில் தெரியும். பிறகு அது வேறு போட் என்று தெரிந்து எல்லாரும் வீடு திரும்பிய பின்னும் சின்னப் பிள்ளை மட்டும் சாப்பிடாமல், பேசாமல், வெறித்துப் பார்த்தபடி இருக்கிறது. “புள்ள ஏங்கிப் போச்சு” என்பார்கள். தமிழ்நாட்டில் ஏக்கம் என்றால் ஆசையோடு காத்திருத்தல். இங்கே ஏங்கிப்போவது அதிர்ச்சியில் உறைதல். செய்திக்கு முன் அந்தரம், செய்தி வந்ததும் பதகளிப்பு, அதன் பின் ஏக்கம். நேர்காணலில் இந்த வரிசை கெடாமல் இருந்தால் சம்பவத்தின் நேர ஒழுங்கைச் சொற்களை வைத்தே மீட்டெடுக்கலாம்.

பதகளிப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. இலங்கையின் உளநலத் துறைத் தமிழில் அது கலைச்சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டில் பதற்றக் கோளாறு என்று எழுதுவதை இங்கே பதகளிப்பு நோய் என்று எழுதுவார்கள். ஆகவே பேசியவர் அந்தரம் என்றதை நீங்கள் பதகளிப்பு என்று ‘ஈழத் தமிழாக்கினால்’, படிக்கும் உளவளத்துணையாளர் அதை ஒரு நோய்க்குறியாக எடுக்கலாம். ‘மன அழுத்தம்’ அதைவிட ஆபத்து. சென்னையில் அது ஒரு வாயில் வேலைப்பளுவையும் இன்னொரு வாயில் மனச்சோர்வையும் குறிக்கிறது. இங்கே முன்னதற்கு நெருக்கீடு, பின்னதற்கு மனச்சோர்வு என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

‘யோசனை’ இங்கே கவலை. “யோசிக்காதீங்க” என்றால் கவலைப்படாதீர்கள், சிந்திக்காதீர்கள் என்றல்ல. யோசனை நீளமானது, உட்கார்ந்தபடி வருவது. அந்தரம் குறுகியது, எழுந்து நடக்க வைப்பது. ‘கரைச்சல்’ வெளியில் இருந்து வரும் தொல்லை. ‘அரியண்டம்’ அருவருப்பும் எரிச்சலும் சேர்ந்தது. இவை இரண்டுக்கும் அந்தரத்துக்கும் குழப்பம் வர வாய்ப்பில்லை, கடந்து போவோம்.

உடம்புக்குள் வரும் அந்தரத்தை மட்டும் கடந்து போக முடியாது. “நெஞ்சுக்குள்ள அந்தரமா இருக்கு” என்று ஒருவர், குறிப்பாக வயதானவரோ சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவரோ, சொன்னால் அது மனசைப் பற்றிய பேச்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு இறுக்கம், படபடப்பு, வாந்தி வருவது போன்ற உணர்வு எல்லாவற்றையும் இந்த ஒரே தொடருக்குள் போட்டுவிடுவார்கள். களத்தில் இருப்பவர் கேட்க வேண்டியவை: எந்த இடத்தில், எப்போதிலிருந்து, நடந்தால் கூடுகிறதா, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் பேட்டியை நிறுத்திவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்சை அழைப்பதுதான் வேலை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் சாப்பாடு தப்பிய நிலையில் திடீரென அந்தரம், நடுக்கம், குளிர் வியர்வை என்றால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கியவருக்கு வாயால் எதையும் கொடுக்கக் கூடாது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பின்னேரப் பேட்டிகளில் இதை மனதில் வைத்திருங்கள். உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று தெரிந்து, அதுவும் நாட்கணக்கில் நித்திரை கெடுத்தால், தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

எழுத்தாக்கத்தில் ‘நெஞ்சுக்குள்ள’, ‘வயித்துக்குள்ள’, ‘மனசுக்குள்ள’ என்ற முன்னொட்டுகளை வெட்டாதீர்கள் என்று சொல்ல இதுவே போதும். ‘அந்தரம்’ என்று மட்டும் பட்டியலில் ஏறிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, கணினியில் தேடும் விஷயம். நீங்கள் ‘அந்தரம்’ என்று தட்டித் தேடினால் பாதி கிடைக்காது. அந்தரமா, அந்தரத்தில, அந்தரத்துக்கு, அந்தரிச்சு எதிலும் அந்தக் கடைசி ‘ம்’ இல்லை. ‘அந்தர’ என்று மட்டும் தேடுங்கள். யூனிகோடில் உயிர்க்குறிகள் தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால் ‘அந்தரி’யும் அகப்படும். பேசுகிறவர் சொற்களைச் சேர்த்துச் சொல்லி, எழுத்தாக்கியவரும் ‘ஒரேயந்தரமா’ என்று சேர்த்தே தட்டியிருந்தால் அது தப்பிவிடும், அதற்கு ‘யந்தர’ என்று இன்னொரு தேடல் வேண்டும்.

அப்படித் தேடும்போது வேண்டாத மீன்களும் வலையில் விழும். அந்தரங்கம் ஒன்று, அது உட்புறம், இரகசியம், இதோடு பயன்பாட்டில் தொடர்பில்லை. காரைதீவு போன்ற ஊர்களில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கை ஒட்டிப் பதிவு செய்திருந்தால் ‘அந்தரி’ அம்மனின் பெயராக வரலாம். வினைமுற்று இல்லாமல் விளியாக நிற்பதை வைத்துப் பிரித்துவிடலாம். அதைவிட அதிகம் ஏமாற்றுவது ‘அந்தர்’. பழைய நிறுத்தலளவை: 112 இறாத்தல் (பவுண்டு) ஓர் அந்தர், கிலோவில் 50.8, 20 அந்தர் ஒரு தொன். வயதான கமக்காரர்கள் உரத்தையும் நெல்லையும் இன்னும் இப்படிச் சொல்வதுண்டு. “ஏக்கருக்கு ரெண்டந்தர் உரம் போட்டம்” என்பது வேகமான பேச்சில் ‘ரெண்டந்தரம்’ போலக் காதில் விழும். அதை ‘இரண்டு தரம்’ என்று திருத்தினால் எடை போய்த் தடவை வந்துவிடும். முன்னால் எண், பின்னால் உரம், நெல், சீமெந்து என்று ஒரு பண்டம் இருந்தால் அது எடைதான்.